யூடியூபின் கணக்கில் உங்கள் மகனுக்கு 61 வயது

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். பள்ளி விட்டு வந்தால் ஆறரை மணி வரை பிள்ளைகள் என் மாமியாரிடம்தான். மகனுக்கு 8 வயது, மூன்றாம் வகுப்பு. பாட்டி போனில் யூடியூப் பார்ப்பான். போன மாதம் ஒரு நாள் ராத்திரி தூக்கத்தில் அழுதான். அவனுக்குப் பிடித்த கார்ட்டூன் பொம்மைக்கு யாரோ பெரிய ஊசியாகப் போட்டார்களாம், அது கத்திக்கொண்டே இருந்ததாம். யூடியூபில் பிள்ளைகளுக்கு ஆகாததை வடிகட்டும் ‘ரெஸ்ட்ரிக்டட் மோட்’ போடச் சொல்லி ஆபீசில் சொன்னார்கள். என் போனில் போட்டேன். பாட்டி போனில் மறுபடியும் ஏதேதோ வருகிறது. மகளுக்கு 14. கோலம் போடுவதை வீடியோ எடுத்து, என் ஜிமெயிலில் தொடங்கிய சேனலில் ஏற்றுகிறாள். நாற்பது, ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வீடியோவை மட்டும் திடீரென்று ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். கமெண்டில் சிலர் ஹார்ட் போடுகிறார்கள். சிலர் வெறும் ‘2:14’ என்று நேரம் மட்டும் எழுதுகிறார்கள். அது என்னவென்றே புரியவில்லை. கணவர் எல்லாவற்றையும் தூக்கிப் போடு என்கிறார். யூடியூபிலேயே பாதுகாப்பு வசதிகள் வந்துவிட்டன, டிசைனையே மாற்றிவிட்டார்கள் என்கிறார்களே, அதெல்லாம் உண்மையில் வேலை செய்யுமா?
– ஒரு வாசகி, நாமக்கல்

பதில்:

சகோதரி, உங்கள் கடைசிக் கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அது காத்திருக்கட்டும். முதலில் அந்த 2:14.

இதை மேலே படிப்பதற்கு முன் மகளின் சேனலைத் திறந்து, அந்தக் கமெண்டுகளை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எழுதியவரின் சேனல் பெயரும் அதில் தெரிய வேண்டும். எடுத்த பிறகு அந்தக் கமெண்டுகளை யூடியூபில் ரிப்போர்ட் செய்து, எழுதிய கணக்குகளைச் சேனலிலிருந்து மறைத்துவிட்டு, எல்லா வீடியோக்களையும் ‘பிரைவேட்’ ஆக்குங்கள். ‘அன்லிஸ்டட்’ போதாது, லிங்க் கையில் இருக்கிற எவரும் அதைப் பார்க்கலாம். ஏற்கெனவே அந்த லிங்க் யாரிடமெல்லாம் போயிருக்கிறதோ நமக்குத் தெரியாது. அழிக்கவும் வேண்டாம். மகள் உழைத்துப் போட்ட கோலங்கள் அவை. நாளைக்குப் புகார் கொடுக்க வேண்டி வந்தாலும் தேவைப்படும்.

செய்தாயிற்றா? இப்போது சொல்கிறேன்.

வீடியோவின் கீழே யாராவது 2:14 என்று எழுதினால் யூடியூப் அதை நீல எழுத்தாக மாற்றிவிடும். தொட்டால் வீடியோ நேராக அந்த நொடிக்குத் தாவும். ஆப் கட்டும் எங்கள் தொழிலில் இருக்கும் யாரோ நல்ல எண்ணத்தோடு செய்த வசதிதான் அது. அரை மணி நேர சமையல் வீடியோவில் ‘தாளிப்பு 24:10’ என்று ஒரு புண்ணியவதி எழுதிவைத்தால் நமக்கு எவ்வளவு உபகாரம்! உங்கள் கண்ணுக்கு அந்த வீடியோவில் தெரிவது கோலம். வேறு எதற்காகவோ பார்ப்பவர்களுக்கு அது குனிந்து நிமிரும் ஒரு பெண் குழந்தை. தங்களைப் போன்ற மற்றவர்களுக்கு அவர்கள் அந்த நொடியைக் காட்டிக்கொடுக்கிறார்கள். உங்கள் மகள் வீடியோவில் ஒரு தவறும் இருக்க வேண்டியதில்லை. 2:14-இல் போய்ப் பார்த்தால் உங்களுக்கு ஒன்றுமே தென்படாமலும் போகலாம்.

2019 பிப்ரவரியில் இது உலகம் முழுக்கப் பெரிய விவகாரமானது. பிள்ளைகள் விளையாடுவதையும் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகுவதையும் யதார்த்தமாகப் பதிவு செய்த வீடியோக்களின் கீழே, இதே போல வெறும் நேரக் குறிப்புகள் வரிசை கட்டி நின்றதை ஒருவர் எடுத்துக் காட்டினார். டிஸ்னி, நெஸ்லே போன்ற நிறுவனங்கள் விளம்பரத்தை நிறுத்திவைத்தன. அடுத்த சில நாட்களில், சிறுவர் சிறுமியர் இருக்கும் கோடிக்கணக்கான வீடியோக்களில் யூடியூப் கமெண்ட் பகுதியை மூடியது. விளம்பரப் பணம் கதவைத் தட்டிய பிறகுதான் வேகம் வந்தது என்பது என் கருத்து. அதே துறையில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் கசப்போடுதான் சொல்கிறேன்.

திடீரென்று ஆயிரக்கணக்கானோர் வந்ததற்கும் இதே போல ஒரு முன்கதை உண்டு. அந்த ஆண்டு ஜூனில் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. குழந்தைகள் இருக்கும் சாதாரண வீட்டு வீடியோக்களை யூடியூபின் பரிந்துரை இயந்திரமே பூச்சரம் மாதிரி ஒன்றோடொன்று தொடுத்து, அந்த மாதிரி பார்வையாளர்களிடம் கொண்டு சேர்த்துக்கொண்டிருந்தது என்பது அதன் சாரம். யாரும் கெட்ட எண்ணத்தில் நிரல் எழுதவில்லை. ‘இதைப் பார்த்தவர்கள் அதையும் பார்த்தார்கள்’ என்ற கணக்கு, தன் வேலையைச் செய்தது. யூடியூபில் மக்கள் பார்க்கும் நேரத்தில் 70 சதவீதத்துக்கு மேல் இந்தப் பரிந்துரைகளால் வருவது என்று 2018-இல் நிறுவனத்தின் உயர் அதிகாரியே சொன்னார். ஆகவே ‘யார் இவளைத் தேடி வந்தார்கள்?’ என்று குழம்ப வேண்டாம். பலர் தேடியே வந்திருக்க மாட்டார்கள்.

யாராவது மகளுக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருந்தாலோ, படம் கேட்டிருந்தாலோ, 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாருக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. இன்னொன்று: அனுப்பியிருந்தார்களா என்பதை அவளிடம் கேட்கும்போது, ‘நீ ஏன் போட்டாய்’ என்று ஆரம்பிக்காதீர்கள். அப்படி ஆரம்பித்தால் மீதி எதையும் அவள் சொல்ல மாட்டாள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வசதிகள் வேலை செய்யுமா?

செய்யும். ஆனால் உங்கள் வீட்டில் செய்யாது. ஏன் என்று சொல்கிறேன்.

செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போய் எதையாவது மாற்றுகிறவர்கள் மிகக் குறைவு. ஆப் கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். அதனால் எதை நாங்களே முதலிலேயே ‘ஆன்’ அல்லது ‘ஆஃப்’ போட்டுக் கொடுக்கிறோம் என்பதுதான் உண்மையான டிசைன். யூடியூப் 2021 ஆகஸ்டில் அறிவித்த மாற்றங்களை நான் மதிப்பது இதனால்தான். 13 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் ஏற்றும் வீடியோ, அவர்களாக மாற்றினால் ஒழிய, பிரைவேட்டாகவே இருக்கும். அடுத்த வீடியோ தானாக ஓடும் ‘ஆட்டோபிளே’ ஆஃப். ‘கொஞ்சம் ஓய்வெடு’, ‘தூங்கும் நேரம்’ நினைவூட்டல்கள் ஆன். பிறகு, உடல்வாகை ஒப்பிட்டுத் தாழ்வு மனப்பான்மை உண்டாக்கும் வகை வீடியோக்களை அந்த வயதினருக்குத் திரும்பத் திரும்பக் காட்டுவதைக் குறைத்தார்கள். 2025 ஜூலையிலிருந்து 16 வயது ஆகாதவர்கள் தனியாக லைவ் போக முடியாது.

நல்ல ஏற்பாடுகள்தான். இதில் ஒன்றுகூட உங்கள் மகளைத் தொடவில்லை. அவள் இருப்பது உங்கள் ஜிமெயிலில். யூடியூபைப் பொறுத்தவரை அந்தச் சேனலை நடத்துவது உங்கள் வயதுப் பெண்மணி. பெரியவர் ஏற்றும் வீடியோ பப்ளிக்காகப் போவதில் அதற்கு என்ன தயக்கம்?

மகன் கதை இன்னும் வேடிக்கை. பாட்டி போனில் இருக்கும் ஜிமெயிலை யார் போட்டது? பெரும்பாலும் போன் வாங்கிய கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடியே கடைப்பையன் போட்டுக் கொடுத்திருப்பான். பிறந்த தேதி கேட்ட இடத்தில் பாட்டி சொன்னதைத் தட்டியிருப்பான். 61 வயது என்று வைத்துக்கொள்வோம். அந்த 61 வயதுக்காரர் காலையில் முருகன் பாட்டு கேட்கிறார், மதியம் சீரியல் துண்டுகள் பார்க்கிறார், சாயங்காலம் நாலரைக்கு மேல் டைனோசரும் பொம்மைக் காரும் பார்க்கிறார். இயந்திரம் ஏன் குழம்பாது? அது இருவரின் ருசியையும் கலந்து ஒரு கூட்டாஞ்சோறு பரிமாறுகிறது. சட்டியில் எது மிதந்தாலும் பையன் தட்டிலும் விழுகிறது.

இந்த வசதிகளைச் செய்தவர்கள் மனதில் இருந்த வீடு வேறு. ஆளுக்கொரு போன், போனுக்கொரு கணக்கு, கணக்கில் சரியான வயது. நம் வீடுகளில் போன் என்பது தண்ணீர்க்குடம் மாதிரி, எல்லோரும் மொள்ளலாம்.

நீங்கள் போட்ட ரெஸ்ட்ரிக்டட் மோட் பாட்டி போனில் ஏன் வேலை செய்யவில்லை என்பதும் இப்போது புரியும். 2010-இல் ‘சேஃப்டி மோட்’ என்ற பெயரில் வந்தது அது. எந்தக் கருவியில், எந்த ஆப்பில் போடுகிறீர்களோ அங்கே மட்டும்தான் செல்லும். உங்கள் போனில் பூட்டு போட்டுவிட்டு பாட்டி வீட்டுக் கதவு திறந்திருக்கிறதே என்றால் எப்படி? அங்கேயும் போடுங்கள், கமெண்டுகளையும் சேர்த்தே மறைத்துவிடும். ஆனால் பெரிதாக நம்ப வேண்டாம். தலைப்பு, விவரக் குறிப்பு, வயதுக் கட்டுப்பாடு போன்ற அடையாளங்களை வைத்துத்தான் பெரும்பாலும் அது வடிகட்டுகிறது. உங்கள் மகன் பார்த்த ஊசி வீடியோவின் தலைப்பில் அழகான கார்ட்டூன் பெயரும், நிறங்களைக் கற்போம் என்பது போல ஏதோ ஒன்றும் இருந்திருக்கும். 2017-இல் இந்த வகை வீடியோக்கள் பெருவெள்ளமாக வந்தன. ‘எல்சாகேட்’ என்று பெயரே வைத்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் ஒரே வாரத்தில் 50-க்கும் மேற்பட்ட சேனல்களை நீக்கியதாக யூடியூப் சொன்னது. இன்னும் அவற்றின் பேரப்பிள்ளைகள் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

எனவே, எட்டு வயதுப் பையனை முழு யூடியூபிலிருந்தே வெளியே எடுங்கள். பாட்டி போனில் ‘யூடியூப் கிட்ஸ்’ ஆப்பைப் போட்டு, உங்கள் கணக்கில் நுழைந்து, அவனுக்கு ஒரு புரொஃபைல் உண்டாக்குங்கள். அவனுக்கென்று தனி ஜிமெயில் தேவையில்லை. இந்த ஆப் இந்தியாவுக்கு 2016-இல் வந்தது. 5 முதல் 8, 9 முதல் 12 என்று வயதுப் பிரிவுகள் இருக்கின்றன. அவற்றைக்கூட நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் 2017-இல் அந்த வெள்ளம் இந்த ஆப்புக்குள்ளும் புகுந்தது. அதற்குப் பிறகு கொண்டுவந்த ஒரு வசதிதான் முக்கியம்: நீங்கள் தேர்ந்தெடுத்த சேனல்களும் வீடியோக்களும் மட்டுமே தெரியும்படி வைக்கலாம். அப்படி வைத்தால் தேடுவதற்கும் வழியிருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனையே பக்கத்தில் உட்காரவைத்து இருபது சேனல் பொறுக்குங்கள். ‘அலுத்துப்போச்சு’ என்று பத்து நாளில் சொல்வான். சொல்லட்டும், இன்னும் ஐந்து சேருங்கள்.

ஆனால் அந்த ஆப்பை மூடிவிட்டு பக்கத்திலிருக்கும் சிவப்பு யூடியூபைத் திறக்க அவனுக்கு எவ்வளவு நேரமாகும்? ஆண்ட்ராய்டு போன்களில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதியில் ‘ஆப் பின்னிங்’ அல்லது ‘ஸ்கிரீன் பின்னிங்’ என்று தேடுங்கள். வெளியே வரும்போது பூட்டு எண் கேட்கும்படி அங்கேயே ஆன் செய்துவிட்டு, ஒரு ஆப்பைப் ‘பின்’ செய்து கொடுத்தால் அந்த எண் இல்லாமல் வெளியே வர முடியாது. பாட்டிக்கு இதை ஒருமுறை செய்து காட்டினால் போதும். போன் கொடுக்கும்போது பின், வாங்கும்போது எடு. ஒரே எச்சரிக்கை: போனுக்குப் போன் இது மாறும், பின் செய்திருக்கும்போது அழைப்பு வந்தால் என்ன ஆகிறது என்று வேறு போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டியின் சொந்த யூடியூபையும் கொஞ்சம் சுத்தம் செய்யலாம். வாட்ச் ஹிஸ்டரியை முழுவதும் அழித்து, இனிப் பதியாதபடி நிறுத்திவிட்டால், முகப்புப் பக்கம் பரிந்துரைகள் எதுவும் இல்லாமல் கிட்டத்தட்ட வெறுமையாகிவிடும். 2023-இல் வந்த மாற்றம் இது. நான் பார்த்ததில் பயன்மிக்க டிசைன் மாற்றம் இதுதான், அதிகம் பேசப்படாததும் இதுதான். பாட்டிக்குப் பிடித்த பக்திச் சேனல்களையும் சீரியல் சேனல்களையும் சப்ஸ்கிரைப் செய்து வைத்து, ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ பகுதியைக் காட்டிக்கொடுங்கள். ஆட்டோபிளேயையும் ஆஃப் செய்யுங்கள். அவர் கண்ணயரும்போது எது ஓடிக்கொண்டிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? முன்பெல்லாம் சீரியல் முடிந்தால் ‘தொடரும்’ என்று போட்டு நம்மை அனுப்பிவைப்பார்கள். ஆட்டோபிளே அந்த வார்த்தையைத் திருடிவிட்டது. ஷார்ட்ஸுக்கு அதுகூட இல்லை, விரல் ஓயும் வரை ஓடும். டிக்டாக் தடை செய்யப்பட்ட மூன்றே மாதத்தில், 2020 செப்டம்பரில், ஷார்ட்ஸை முதலில் சோதித்துப் பார்த்ததே நம் நாட்டில்தான். வெற்றி பெற்ற சோதனை என்று சொல்ல வேண்டியதில்லை, உங்கள் பேருந்தில் பக்கத்து இருக்கையைப் பாருங்கள்.

மகளுக்குத் தனி ஜிமெயில் போடுங்கள், உண்மையான பிறந்த தேதியோடு. நம்மூரில் 13 முடிந்தால் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம். வயதைக் கூட்டிப் போட அவள் ஆசைப்படுவாள். அந்த ஒரு பொய்யில் மேலே சொன்ன பாதுகாப்பு முழுக்கப் போய்விடும். பிறகு யூடியூபின் ‘ஃபேமிலி சென்டர்’ வழியாக அவள் கணக்கை உங்களுடையதோடு இணைக்கலாம். 2024 செப்டம்பரில் வந்த ஏற்பாடு. அவள் எத்தனை வீடியோ ஏற்றினாள், எத்தனை கமெண்ட் எழுதினாள் என்பது தெரியும், புது வீடியோ போட்டால் உங்களுக்கு மின்னஞ்சல் வரும். என்ன பேசினாள் என்பது தெரியாது. அவள் விரும்பினால் இணைப்பைத் துண்டிக்கவும் முடியும். இது உளவு பார்க்கும் கருவி இல்லை, இருவரும் ஒப்புக்கொண்டு வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. 14 வயதுக்கு அதுதான் சரி என்று நினைக்கிறேன்.

கோலம் வீடியோவைத் திரும்பத் தொடங்க அவள் விரும்பினால், கேமராவை மேலிருந்து வையுங்கள். புள்ளியும் கையும் மட்டும் தெரியட்டும். கோலத்துக்கும் அதுதான் அழகு. இழை எங்கே வளைகிறது என்று பார்ப்பவருக்கு அப்போதுதான் புரியும். தெருப் பெயர்ப் பலகை, பள்ளிச் சீருடை, வாசல் எண் எதுவும் வேண்டாம். கமெண்டை மூடிவிடலாம், அல்லது நீங்கள் பார்த்து அனுமதித்த பிறகே வெளியாகும்படி நிறுத்திவைக்கலாம். சிலர் கமெண்டை மூடுவதற்காகவே வீடியோவை ‘குழந்தைகளுக்கானது’ என்று குறிக்கிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். அமெரிக்காவில் குழந்தைகளின் தகவல்களைப் பெற்றோர் அனுமதியின்றிச் சேகரித்ததாக எழுந்த வழக்கில் யூடியூபும் கூகுளும் 2019-இல் 17 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. அதன் தொடர்ச்சியாக வந்த குறி அது. வீடியோவை யார் பார்ப்பார்கள் என்பதைச் சொல்வதற்கானது, வீடியோவில் யார் இருக்கிறார்கள் என்பதை அல்ல. அந்தக் குறி போட்ட வீடியோ சின்னப் பிள்ளைகளுக்கானது என்றே கணக்கில் வரும். கோலம் பழக வரும் பெரியவர்களுக்கு அது போய்ச் சேர வேண்டாமா?

கணவர் சொல்வதையும் தள்ளிவிட வேண்டாம். பயத்தில் சொல்கிறார், பயப்பட வேண்டிய விஷயம்தான். ‘தூக்கிப் போடு’ என்பதை ஒரு நாடே செய்து பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் யூடியூப் கணக்கு வைத்திருக்கக் கூடாது. வீடியோ ஏற்ற முடியாது, கமெண்ட் எழுத முடியாது. உங்கள் மகளுக்கு நேர்ந்தது அங்கே அவள் கணக்கில் நேராது, அது பெரிய லாபம். ஆனால் கணக்கில்லாமல் பார்ப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. கணக்கு போனதும் அதோடு ஒட்டியிருந்த வயதும் போய்விட்டது. பெற்றோர் போட்டிருந்த கட்டுப்பாடுகளும் ஓய்வு நினைவூட்டலும் சேர்ந்தே போய்விட்டன. கிட்டத்தட்ட பாட்டி போன் நிலைமைதான். நம் நாட்டில் 2023-இல் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது வரை குழந்தை என்கிறது, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் கேட்கிறது, குழந்தைகளைக் குறிவைத்து விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வந்தன, முழுதாக நடைமுறைக்கு வர அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். வந்தாலும், கடைப்பையன் போட்ட ஜிமெயிலில் உட்கார்ந்திருக்கும் எட்டு வயதுப் பையனைச் சட்டம் எப்படிக் கண்டுபிடிக்கும்?

கடைசியாக ஒரு சின்ன விஷயம். யூடியூப் கிட்ஸ் ஆப்பில் பெற்றோருக்கான பகுதிக்குள் போகும்போது, போகிறவர் பெரியவர்தானா என்று பார்க்க ஒரு பெருக்கல் கணக்கு கேட்கும். ஏழெட்டு எவ்வளவு என்பது மாதிரி. இதைச் செய்த புண்ணியவான் மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளைகளைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. அதை மாற்றி நீங்களே நான்கு இலக்க எண் வைத்துக்கொள்ளலாம். வீட்டில் எல்லாவற்றுக்கும் வைத்திருக்கும் அதே எண்ணை இதற்கும் வைத்துவிடாதீர்கள், அது அவனுக்கு எப்போதோ தெரியும்.